நாலாவதாக வந்த அன்று

ஓட்டப் பந்தயத்துக்கு அம்மாவின் பெயரைக் கொடுத்தது ஹெல்த் இன்ஸ்பெக்டர். அம்மாவைக் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டுச் சொன்னார்.

அம்மாவுக்குக் கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை. மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து பஜார் ரோடு வளைவு வரை அவளுடைய பாகம். வருஷா வருஷம் ஊழியர்களுக்கு ஒரு விளையாட்டு விழா நடக்கும். அதில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு நானூறு மீட்டர் ஓட்டம் உண்டு. மூன்று பேராவது சேர்ந்தால்தான் போட்டி. அந்த வருஷம் எறணாகுளம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதுக்கு ஆள் இல்லை.

“ஓட வேண்டா சேச்சி, நடந்தால் மதி,” என்றாராம் இன்ஸ்பெக்டர். “மூணு பேரே உள்ளு. மூணாவது பரிசு உறப்பு.” நடந்தாலே போதும், மூன்றாவது பரிசு உறுதி என்று அர்த்தம்.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா விஷயத்தைச் சொன்னாள். “எனக்கு மூணாவது பரிசு கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் ஓடணும்.”

அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. “என்ன பரிசு?”

“தெரியாது. பாத்திரமா இருக்கும்.”

அப்பா இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, “அப்போ அன்னிக்கு ஹோட்டல்ல சாப்பிடலாம்,” என்றார்.

நானும் தங்கச்சியும் தலை தூக்கிப் பார்த்தோம். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டதுண்டு. அதை ஹோட்டல் சாப்பாடு என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பரிசு வாங்கியவர்களும் அதுவரை இல்லை. அதனால் அப்பா சொன்னது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இது இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. எறணாகுளத்தில் ஒரு ஷூ கடையில் வேலை. காலையில் படகில் போய் மாலையில் படகில் வருவேன். நாள் முழுக்க யார் யாருடைய பாதத்தையோ அளப்பேன், ஷூவை மாட்டிவிடுவேன், கட்டைவிரல் எங்கே முட்டுகிறது என்று மேலே அழுத்திப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் ஷூ போடுகிற ஆள் ஒருவரும் இல்லை. கடையில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால் “அம்மா கார்ப்பரேஷன்ல” என்று சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைப்பதை நான் தடுத்ததில்லை.

அந்தச் சமயம் கடைக்கு ஒரு புது ரக ஷூ வந்திருந்தது. ஓடுவதற்கென்றே செய்தது. எடையே இருக்காது. அதை எப்படி விற்க வேண்டும் என்று ஓனர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு ஷூவை எடுத்து வாடிக்கையாளரின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கையில் வைத்த ஆள் தானே “அட” என்பார். பத்துப் பேரில் ஏழு பேர் “அட” என்றுவிட்டு வாங்காமல் போனார்கள்.

அம்மா ஓடப்போகிறாள் என்றதும் எனக்கு அந்த ஷூதான் ஞாபகம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்திருந்த ஜோடியை ஓனர் எனக்குப் பாதி விலைக்குத் தர ஒப்புக்கொண்டார். காட்சிக்கு எப்போதும் வலது கால் ஷூவை மட்டும்தான் வைப்பார்கள். மாதக்கணக்கில் வெயில் பட்டு அது வெளுத்திருந்தது. பெட்டிக்குள்ளேயே இருந்த இடது கால் நல்ல நீலம்.

வாங்குவதற்கு முன்னால் அம்மாவின் பாதத்தை அளந்தேன். கடையில் அளக்கும் பலகையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் பழைய மலையாளப் பேப்பரை விரித்து அதன்மேல் அம்மாவை நிற்கவைத்துப் பென்சிலால் வரைந்தேன். நகர மக்களில் பாதிப் பேராவது என் கையால் பாதம் அளந்துகொண்டு போயிருப்பார்கள் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அம்மாவின் பாதத்தை அன்றுதான் முதல்முறையாகப் பிடித்தேன். முன்பக்கம் அகலமாக விரிந்து, குதிகாலில் வெடிப்பு ஆழமாக இருந்தது. நீளத்துக்கு ஆறாம் நம்பர் போதும். அகலத்துக்கு ஏழு வேண்டும். காட்சி ஜோடி ஏழுதான்.

ஷூ வீட்டுக்கு வந்த அன்று, ஓனர் சொன்ன முறைப்படியே அம்மாவின் உள்ளங்கையில் ஒன்றை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

அம்மா அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். “உள்ளே இருக்கிறதைக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டியா?”

அப்பா அதை வாங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒரு மிளகு கிடங்கில் எடை போடும் வேலை. கையில் எதை வைத்தாலும் எடை சொல்வார். “நூத்தி எண்பது கிராம்,” என்றார். தங்கச்சிக்கு அப்போது பிளஸ் டூ. யார் எதைச் சொன்னாலும் சரிபார்க்கும் வயசு. ஷூவை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போய் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, நூற்றுத் தொண்ணூறு என்றாள்.

“பத்து கிராம் லேஸ்,” என்றார் அப்பா. “லேஸை நான் கணக்குல சேர்க்கல.” பிறகு ஷூவை இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, “இது சரக்கு இல்ல, சாக்கு,” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். முழங்கால் தண்ணீரில் நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். கதவுவரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“தரை எங்க இருக்குன்னே தெரியல,” என்றாள்.

“அதுக்குத்தான் ஷூ,” என்றேன்.

“தரை தெரியாம எப்படி ஓடறது?”

கடையில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பரிசு உறுதியானதுதான். அதற்காக அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. நாலு பேர் பார்க்கும்போது நடந்து போனால் அசிங்கம் என்றாள். மறுநாள் சாயங்காலம் வேலை முடித்து வந்து, குளித்து, என்னுடைய ஒரு சுரிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து படகுத்துறைவரை ஓடிவிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு. நான் பின்னால் நடந்து போனேன்.

மட்டாஞ்சேரியில் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் சாயங்கால நேரத்தில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. அம்மா நாலு வீடு தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டுச் சேச்சி குழம்புக் கரண்டியோடு வெளியே வந்து, “எந்து பற்றி?” என்று, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே கூட ஓடத் தொடங்கினாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் வராததால் விஷயம் பெரிசு என்று ஆகிவிட்டது. பலசரக்குக் கடைக்காரர் சேர்ந்துகொண்டார். மீன் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒருத்தி கூடையை ஓரமாக வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டாள். படகுத்துறை போய்ச் சேர்ந்தபோது அம்மாவோடு ஐந்து பேர் நின்றார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா மூச்சு திரும்பியதும், “பந்தயத்துக்கு,” என்றாள்.

“எந்தப் பந்தயம்?”

“அடுத்த மாசம்.”

பக்கத்து வீட்டுச் சேச்சி கரண்டியைப் பார்த்தாள். அடுப்பில் குழம்பு இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பவும் ஓடினாள், இந்தத் தடவை அம்மாவைவிட வேகமாக.

அதன்பிறகு யாரும் கூட ஓடவில்லை. இரண்டு வாரத்தில் அம்மாவுக்குத் தரை தெரிய ஆரம்பித்தது. அவள் அப்படித்தான் சொன்னாள். ஷூவை வேலைக்குப் போட்டுப் போகச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். ஓடிவிட்டு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து அலமாரி மேல் வைப்பாள். வெளுத்த கால் வெளிப்பக்கம் தெரியாதபடி திருப்பி வைப்பாள்.

விழா ஒரு சனிக்கிழமை மதியம் எறணாகுளத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. நாங்கள் நாலு பேரும் படகில் போனோம். அம்மாவின் சேலையும் செருப்பும் ஒரு கவரில். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் கடை போனிலிருந்தே ஒரு குடும்ப உணவகத்தில் மேஜை சொல்லி வைத்திருந்தேன். நாலு பேர், ஏழு மணி.

மைதானத்தில் விசிலும் காகிதமுமாக நின்ற ஒரு அதிகாரி, அம்மாவின் போட்டி இல்லை என்று சொன்னார். மூன்று பேரில் ஒருத்தி வரவில்லை. அவளுடைய மகளுக்கு அன்று காலை பிரசவ வலி வந்துவிட்டதாம்.

“அப்போ ரெண்டு பேர்தானே. எனக்கு ரெண்டாவது பரிசா?” என்று கேட்டாள் அம்மா.

“ரெண்டு பேர்னா போட்டியே இல்ல சேச்சி.”

மற்ற பெண்மணி வைட்டிலா பக்கத்திலிருந்து வந்தவள். இதைக் கேட்டதும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அம்மா போகவில்லை. அதிகாரி அவளைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். வேண்டுமானால் பொதுப் பிரிவில் ஓடலாம், இளம் பெண்கள் ஏழு பேர் இருக்கிறார்கள் என்றார். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்துத்தான் சொன்னார் என்று தோன்றியது.

அம்மா எங்களிடம் திரும்பினாள்.

“ஷூ வாங்கியாச்சே,” என்றார் அப்பா.

தங்கச்சி உட்கார்ந்து லேஸை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள். அம்மா போய் எட்டாவது கோட்டில் நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் என் வயசு, இல்லை என்னைவிட இரண்டு மூன்று வயசு கூட. ஒருத்தி அம்மாவைத் தண்ணீர் கொடுக்க வந்தவள் என்று நினைத்துக் கையை நீட்டினாள். அம்மா அந்தக் கையைக் குலுக்கினாள்.

விசில் அடித்ததும் ஏழு பேரும் பாய்ந்தார்கள். அம்மா கடைசி. முதல் வளைவுவரை கடைசி. நான் பார்க்க முடியாமல் கவரில் இருந்த சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாரு,” என்றாள் தங்கச்சி. பார்த்தேன். பாய்ந்து போனவர்களில் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா அவர்களைத் தாண்டினாள். வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. இடது கை மட்டும்தான் வீசியது. வலது கை துடைப்பம் பிடித்த மாதிரி விலாவோடு ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் இன்னும் இரண்டு பேரைத் தாண்டினாள். கடைசி வளைவில் அவளுக்கு முன்னால் மூன்று பேர்தான். அப்போதுதான் முதல்முறையாக அவள் வேகமாக ஓடினாள். குப்பை லாரி கடைசிக் கூடையை எடுக்காமல் கிளம்பும்போது ஓடுவாளே, அப்படி. மூன்றாவதாக ஓடியவள் வரி வசூல் பிரிவில் கிளார்க். இரண்டு எட்டு வித்தியாசத்தில் அவள் முந்திவிட்டாள்.

அம்மா கோட்டைத் தாண்டிக் குனிந்து நின்றாள். நாங்கள் பக்கத்தில் போனோம்.

“எத்தனாவது?”

“நாலாவது,” என்றேன்.

“நாலாவதுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லம்மா. கைதட்டுதான்.”

“யாரு தட்டினா?”

“அப்பா.”

அப்பா அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கு வருத்தமா சந்தோஷமா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணுக்கு மூணாவது என்ன குடுத்தாங்கன்னு பாத்துட்டு வா,” என்று தங்கச்சியை அனுப்பினாள். பிளாஸ்க் என்று தகவல் வந்தது. “நம்ம வீட்டுல பிளாஸ்க் இருக்கு,” என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

பரிசு இல்லை என்பதால் ஹோட்டலும் இல்லை என்று நான் நினைத்தேன். அப்பா வேறு மாதிரி நினைத்தார். “மேஜை சொல்லி வச்சாச்சில்ல. அவங்க காத்துட்டிருப்பாங்க.” மேஜைகள் நமக்காகக் காத்திருப்பதில்லை என்று அவருக்கு நான் விளக்கவில்லை. அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. கால் வீங்கியிருந்தது, இரட்டை முடிச்சை அவிழ்க்கவும் முடியவில்லை. ஒரு கால் நீலம், ஒரு கால் வெளுப்பு, மேலே மாம்பழ நிறச் சேலை.

உணவகத்தில் குடும்பங்களுக்கு மாடியில் ஏசி அறை. மெனு இங்கிலீஷில் இருந்ததால் தங்கச்சி வாசித்தாள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். வெயிட்டர் பக்கத்தில் பென்சிலோடு நின்றார்.

“ஃப்ரைட் ரைஸ்,” என்று வாசித்தாள் தங்கச்சி.

“அது வேணாம்,” என்றாள் அம்மா. “எல்லா ஹோட்டல் பின்பக்கமும் வாளியில கூடுதலா விழறது அதுதான். பாதி பாதியா வச்சிட்டுப் போறாங்க.”

வெயிட்டரின் பென்சில் நின்றது.

“கோபி மஞ்சூரியன்?”

“அதுவும் நிறைய விழும்.”

“சில்லி சிக்கன்?”

“அதுல எலும்பு மட்டும்தான் வரும். துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். அதைச் சொல்லு.” அம்மா யோசித்தாள். “புரோட்டா ஒண்ணுகூட விழாது. கரிமீன் பொள்ளிச்சதுல வாழையிலைதான் வரும், முள்ளு சுத்தமா இருக்கும். அதுவும் சொல்லு.”

வெயிட்டர் எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, “சேச்சி பறஞ்சது சரியா,” என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு நன்றாக யாரும் அங்கே ஆர்டர் செய்திருக்க மாட்டார்கள் என்று இன்றுவரை நினைக்கிறேன். கரிமீனை வாழையிலையிலிருந்து பிரித்தபோது வந்த வாசனையில் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அம்மா சாப்பிட்டு வைத்த முள்ளைப் பார்த்தால் படத்தில் வரைந்த மீன் மாதிரி இருந்தது.

நடுவில் வெயிட்டர் அப்பாவிடம், இன்று ஏதாவது விசேஷமா என்று கேட்டார்.

“விசேஷம்தான்,” என்றார் அப்பா. “நாலாவது.”

வெயிட்டர் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர், மெழுகுவர்த்தி குத்திய ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு வந்தார். பின்னால் மூன்று பணியாளர்கள். “ஹாப்பி வெட்டிங் ஆனிவர்சரி சார். நாலாவது வருஷம்னு சொன்னாங்க,” என்றார். அப்புறம்தான் அவர் என்னையும் தங்கச்சியையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடி நின்றது. நல்ல உணவகம், ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“சொல்லிடலாமா?” என்று நான் அம்மாவின் காதில் கேட்டேன்.

“ஐஸ்கிரீம் கரையும்,” என்றாள் அம்மா.

கைதட்டல் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒரு பெரியவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு. சேச்சியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று மலையாளத்தில் கேட்டார்.

“தினம் பார்க்கறீங்க,” என்றாள் அம்மா.

“பேங்க்கா?”

“கார்ப்பரேஷன்.”

“ஓ. ஆபீஸிலா?”

கடையில் நான் தடுக்காமல் விட்டுவந்த அதே ஆபீஸ், இங்கேயும் வந்து நின்றிருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், அவர் போய்விடுவார். அம்மா சொல்லமாட்டாள் என்று தெரியும். சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன்.

“ரோட்டுல,” என்றாள் அம்மா. “பஜார் ரோட்டுல. உங்க கேட்டுல சிங்கம் வச்சிருக்கு. அதுல இடது பக்கச் சிங்கத்துக்கு வால் உடைஞ்சிருக்கு.”

அவர் அம்மாவின் சேலையைப் பார்த்தார். “கூட்டும்போது போடற கோட் இல்லாம பார்த்ததில்லையே, அதான்,” என்றார். பிறகு, “கல்யாணம் ஆகி நாலு வருஷம்தானா?” என்று கேட்டார்.

“அது அவங்க தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. ஓட்டப் பந்தயத்துல நாலாவதா வந்தேன்.”

“எத்தனை பேர்ல?”

“எட்டு. எல்லாம் சின்னப் பொண்ணுங்க.”

அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். ஒன்றை, பிறகு மற்றதை. “மோசமில்ல,” என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார். அங்கே போய் அவர் மனைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாளும் திரும்பி மேஜைக்கடியில் எட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது தோப்பும்படி வழியாக பஸ்ஸில் வந்தோம். அம்மா ஜன்னலோரம். எனக்கு அவளிடம் ஏதோ சொல்லவேண்டும் போல இருந்தது. காலைக் கொடு என்று கேட்டு, மடியில் வைத்து, இரட்டை முடிச்சை நகத்தால் அவிழ்த்தேன். பாலம் வரும்வரை ஆனது.

திங்கட்கிழமை கடையில் சாப்பாட்டு நேரத்தில், என் அம்மா மட்டாஞ்சேரியில் தெரு கூட்டுகிறாள் என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் தண்ணீர் குடித்துக்கொண்டேன். கேஷ் கவுண்டரில் இருந்த சேச்சி டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கினாள். எங்கள் சந்தில் சாக்கடை அடைத்து ஒரு வாரமாகிறது, யாரிடம் சொல்லவேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறாயா என்றாள். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதற்காகவா இரண்டு வருஷம் மறைத்தேன் என்று எனக்கு என்மேல் கோபம் வந்தது.

அடுத்த வருஷம் அந்த இன்ஸ்பெக்டர் மாறிப் போயிருந்தார். புதியவர் யாரையும் கேட்கவில்லை. அம்மா தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் அந்தத் தடவை ஆறு பேர். அம்மா இரண்டாவதாக வந்தாள். மூடி போட்ட ஸ்டீல் பாத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அப்பா அதைக் கையில் வாங்கி எடை சொன்னார். ஹோட்டலுக்குப் போகவில்லை. அன்று நல்ல மத்தி கிடைத்திருந்தது.